மரீனோவின் நீரூற்றும் வடமராட்சியின் முட்டியும்

கொழும்புத் தமிழர்களிடையே வெளிநாட்டுச் சுற்றுலா இன்று புதுமையான விடயமன்று. முன்னொரு காலத்தில் பழனியும் திருச்செந்தூரும் வேளாங்கண்ணியுமே நமது கடல் கடந்த பயணங்களின் எல்லையாக இருந்தன. இப்போது வெள்ளவத்தையில் காலி வீதியோரம் நடந்தால் ஐரோப்பியப் பயணங்களுக்கான விளம்பரப் பலகைகளைக் காணலாம். கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த எனது நண்பர் ஒருவரும் ஒக்டோபர் மாதமொன்றில் குடும்பத்துடன் உரோமாபுரிக்கு யாத்திரை சென்று திரும்பினார். பேதுருவானவர் பேராலயத்தைப் பற்றி அவர் நிறையச் சொல்லுவார் என எதிர்பார்த்திருந்தேன். அவரோ மரீனோ என்ற சிற்றூரின் திராட்சைத் திருவிழாவைப் பற்றியே ஒரு மாலைப்பொழுது முழுவதும் பேசினார்.

மரீனோ உரோமாபுரிக்குத் தென்கிழக்கே, பாப்பரசர்களின் கோடைக்கால வாசஸ்தலமாக விளங்கிய காஸ்தல் கந்தோல்போவுக்கு அண்மையில், குன்றுகளின் மேல் அமைந்த ஊர். அங்கு 1925ஆம் ஆண்டு முதல் ஒக்டோபர் மாதத்தின் முதலாவது ஞாயிற்றுக்கிழமையை ஒட்டித் திராட்சைத் திருவிழா நடைபெற்று வருகின்றது. செபமாலை மாதாவின் திருநாளும் அக்காலத்திலேயே வருகின்றது. 1571இல் லெப்பாந்தோ கடற்போரில் துருக்கியரை வென்று திரும்பிய மார்க்கந்தோனியோ கொலோன்னா என்ற பிரபுவை வரவேற்கும் ஊர்வலம் பழைய உடைகளுடன் தெருக்களில் வரும். பின்னர் ஊரின் நடுவேயுள்ள நீரூற்றிலிருந்து தண்ணீருக்குப் பதிலாக அவ்வூரின் வெள்ளை வைன் கொட்டும். மூதாட்டிகளும் இளம் தம்பதியரும் பாதிரிமாரும் பொலிஸ்காரரும் அங்கே ஒரே கூட்டமாக நிற்பர்.

"அந்த வைன் அந்த ஊரைத் தாண்டி வந்தால் ருசி மாறிப்போகுமாம். அங்கை போய்த்தான் குடிக்க வேணும்" என்றார் நண்பர்.

"யாழ்ப்பாணத்திலை உடன் பனங்கள்ளு குடிச்சுப் பார்த்திருக்கிறீரோ?" என்று கேட்டேன். நண்பர் சிரித்தார். "அண்ணை, அது வேறை, இது வேறை" என்றார்.

அந்த 'வேறை' என்ற ஒரு சொல்லுக்குள் நமது சமூகத்தின் வரலாறு ஒன்று அடங்கியிருக்கின்றது. அதனைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன்.

முதலில் மொழியைக் கவனிப்போம். இத்தாலிக்குச் சென்றவர் 'வைன் ருசி பார்த்தோம்' என்கிறார். யாழ்ப்பாணத்துக்குச் சென்று வந்த எவரும் 'கள் ருசி பார்த்தோம்' என்று சபையிலே சொல்வதில்லை. அது 'கள்ளுக் குடித்தான்' என்றே படர்க்கையிலும் தாழ்ந்த குரலிலும் சொல்லப்படும். தேவாலயத்தில் திராட்சை இரசம் என்ற சொல் புனிதமானது. விருந்து மண்டபத்தில் வைன் என்ற சொல் நாகரிகமானது. தவறணை என்ற சொல்லோ தலையைக் குனிய வைப்பது. இத்தனைக்கும் நொதித்த பழச்சாறான வைனில் மதுசாரம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு வரை இருப்பது சாதாரணம். நொதித்த பாளைச்சாறான கள்ளில் அதன் பாதியளவும் இருப்பது அரிது. எனவே வெறியின் அளவு இங்கே மதிப்பைத் தீர்மானிக்கவில்லை என்பது தெளிவு.

மது அருந்துவதை ஊக்குவிப்பதற்காக நான் இதனை எழுதவில்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். அதே தமிழில், தன்னுடன் கள்ளைப் பகிர்ந்துண்ட அதியமானின் பிரிவை நினைந்து ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடலும் உண்டு. இவ்விரண்டும் நமது மரபேயாகும். மலையகத்திலும் போருக்குப் பிந்திய வடக்கிலும் மதுவினால் சிதைந்த குடும்பங்களை நான் நேரில் கண்டிருக்கின்றேன். அந்த வீடுகளில் பெண்கள் படும் பாட்டை அறிந்த எவரும் குடியைக் கொண்டாட மாட்டார்கள். நான் எழுப்பும் கேள்வி வேறு. ஒரு மண்ணின் விளைபொருளையும் அதனை ஆக்கும் உழைப்பாளியையும் ஒரு சமூகம் எவ்வாறு மதிக்கின்றது என்பதே அக்கேள்வி.

இத்தாலியரின் வைன் ஆதிகாலம் முதல் இத்தகைய கௌரவத்துடன் இருந்தது என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். அது முற்றிலும் உண்மையன்று. தஸ்கனிப் பிரதேசத்தின் ஆட்சியாளர் மூன்றாம் கோசிமோ 1716இல் கியாந்தி முதலிய நான்கு பகுதிகளின் எல்லைகளை வரையறுத்து, அவற்றுக்கு வெளியே விளைந்ததை அப்பெயர்களில் விற்கலாகாது எனக் கட்டளை பிறப்பித்தார். பெயருக்கு அவ்வாறு காவல் கிடைத்தது. உழைத்தவருக்குக் கிடைக்கவில்லை. அத்திராட்சைத் தோட்டங்களில் உழைத்தவர்களிற் பெரும்பாலானோர் விளைச்சலின் பாதியை நிலப்பிரபுவுக்குக் கொடுக்கும் வாரக் குடியானவர்களே. புதிய வார ஒப்பந்தங்களைத் தடைசெய்யும் சட்டம் அந்நாட்டில் 1964இல்தான் வந்தது.

கியாந்தியின் 33 உற்பத்தியாளர்கள் தமது வைனின் பெயரைக் காப்பதற்காகச் சங்கம் அமைத்தது 1924இல். விளைந்த இடத்தின் பெயரை நாடு முழுவதற்கும் சட்டபூர்வமாகப் பாதுகாக்கும் ஆணை வந்தது 1963இல். நண்பர் பருகிய மரீனோ வைன் அந்தப் பாதுகாப்பினைப் பெற்றது 1970இல். இவ்வளவுக்கும் பிறகு, 1986இல் மலிவு வைனில் மெதனோல் என்னும் நச்சு மதுசாரத்தைக் கலந்த வியாபாரிகளால் இத்தாலியில் பலர் உயிரிழந்தனர். சிலர் பார்வையை இழந்தனர். ஏற்றுமதி சரிந்தது. அந்நாட்டவர் அதற்காக வைனைத் தடைசெய்யவில்லை. பரிசோதனைகளைக் கடுமையாக்கினர். 1992இல் பெயர்ப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி எழுதினர். அளவைக் குறைத்துத் தரத்தை உயர்த்தினர். இன்று நாம் காணும் கௌரவம் சட்டத்தினாலும் சங்கத்தினாலும் சில தலைமுறைகளின் விடாமுயற்சியினாலும் ஆக்கப்பட்டது என்பதே இதன் பொருள்.

இனி நமது முட்டிக்கு வருவோம்.

பனையேறும் தொழிலை அறியாத இளைய வாசகர்களுக்காகச் சில விபரங்கள். பனை விதையிட்டுப் பாளை விடுவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் செல்லும். 'வடலி வளர்த்துக் கள்ளுக் குடிக்கிறதோ?' என்று யாழ்ப்பாணத்தில் கேட்பது இதனாற்றான். ஆண் பனை, பெண் பனை இரண்டிலும் பாளை சீவலாம். பாளையைப் பல நாட்கள் பக்குவமாகத் தட்டியும் நசுக்கியும் கட்டியும் பதப்படுத்த வேண்டும். பின்னர் அதன் நுனியை மெல்லிய சீவலாகச் சீவி முட்டியைக் கட்ட வேண்டும். காலையும் மாலையும் மரமேற வேண்டும். ஒரு நாள் தவறினாலும் பாளை கெட்டுவிடும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் நொதிக்காத கருப்பநீர் கிடைக்கும். அதனைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லையேல் கள். ஒரே மரம், ஒரே மனிதர், ஒரே கத்தி. விரல் நுனியளவு சுண்ணாம்பே குழந்தைக்குக் கொடுக்கும் இனிப்பையும் தவறணைக்குச் செல்லும் கள்ளையும் வேறாக்குகின்றது.

கள்ளுக்கு இன்னோர் இயல்பும் உண்டு. அது காத்திராது. காற்றிலும் முட்டியிலும் உள்ள நொதியங்கள் சாறு வடியத் தொடங்கியவுடனேயே தமது வேலையை ஆரம்பித்துவிடுகின்றன. காலையில் இனிப்பாக இருப்பது மாலையில் உறைக்கும். மறுநாள் புளித்துக் காடியாகும். போத்தலில் அடைப்பதாயின் சூடாக்கி நொதிப்பை நிறுத்த வேண்டும். அப்போது மணத்தின் ஒரு பகுதியும் போய்விடுகின்றது. மரீனோவின் வைனைப் பற்றி நண்பர் வியந்து சொன்ன அதே இலக்கணம் கள்ளுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ஊரைத் தாண்டி வராதது அது. நாம்தான் அதனைத் தேடிச் செல்ல வேண்டும். கள்ளுக்குப் பெருமை சேர்க்க வேண்டிய இந்த இயல்பினையே நாம் அதன் குறையாகக் கருதி வந்திருக்கின்றோம்.

நீண்டகாலம் பத்திரிகை மேசையிலே பணியாற்றியவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நமது நாளேடுகளில் இத்தொழில் எங்கே இடம்பெறுகின்றது? பொலிஸ் செய்திகளில் இடம்பெறும். கோடா கைப்பற்றப்பட்டது, கசிப்புக் காய்ச்சியவர் கைது என்ற செய்திகளின் அருகே எப்போதாவது ஒரு நான்கு வரிச் செய்தி வரும்: பனையிலிருந்து தவறி வீழ்ந்து குடும்பஸ்தர் மரணம். வயது, ஊர், பிள்ளைகளின் எண்ணிக்கை, சடலம் வைக்கப்பட்டுள்ள வைத்தியசாலை. அவ்வளவுதான். அத்தகைய செய்திகளை எத்தனை முறை செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. தளநாரை மட்டும் நம்பி அறுபது, எழுபது அடி உயரத்துக்கு நாள்தோறும் ஏறியிறங்கும் ஒருவரைப் பற்றி, அவர் உயிருடன் இருக்கும்போது நமது பத்திரிகைகள் எழுதியவை மிகச் சொற்பம். இத்தாலியச் செய்தித்தாள்களில் திராட்சை அறுவடைக் காலம் முதற்பக்கச் செய்தியாகின்றது.

காரணம் என்னவென்று நாம் அறியாதவர்களல்லர். சீவல் தொழில் சாதியுடன் பிணைக்கப்பட்டிருந்தது. கள்ளைப் பிளாவில் ஏந்திப் பருகிய அதே ஊர், அதனை இறக்கியவருக்குத் தேநீர்க்கடையில் சமமான குவளை கொடுக்க மறுத்தது. கோயில் வாசலில் அவரைத் தடுத்தது. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் முன் நடந்த போராட்டமும் இக்கொடுமைக்கு எதிராகவே எழுந்தன. அவற்றின் பயனாகத் தேநீர்க்கடைகள் திறந்தன, கோயில்கள் திறந்தன. ஆனால் 'கள்' என்ற சொல்லின் மீது படிந்த அந்தப் பழைய இழிவு மட்டும் அகலவில்லை. 'அது வேறை' என்று நாம் சொல்லும்போது, அந்தச் சொல் பானத்தைக் கடந்து அதனை இறக்கியவரையும் தொடுகின்றது.

இதன் விளைவு இன்று கண்முன்னே தெரிகின்றது. சீவல் தொழிலாளரின் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வர விரும்புவதில்லை. அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அவமானமும் ஆபத்தும் மட்டுமே கூலியாகக் கிடைக்கும் வேலைக்கு யார் வருவார்? போர்க்காலத்தில் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் தறிக்கப்பட்டவை போக எஞ்சிய பனைகளில், பாளை சீவப்படாமல் நிற்பவை ஏராளம். குடிப்பவரோ குறையவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் மதுவரி உயர்த்தப்பட்டுச் சாராயத்தின் விலை ஏறியபோது, ஏழைகள் பலர் கசிப்பின் பக்கமே சென்றனர். மரத்திலிருந்து வரும் கள் விட்டுச்சென்ற இடத்தை, எதனைக் கொண்டு காய்ச்சப்பட்டது என்று எவருக்கும் தெரியாத ஒரு திரவம் நிரப்புகின்றது.

தமிழகத்தின் அனுபவமும் நமக்குப் பாடமாகும். அங்கு 1987ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதியிலிருந்து கள் இறக்குவது தடைசெய்யப்பட்டுள்ளது. 2003ஆம் ஆண்டு முதல் ஆலைகளில் உற்பத்தியாகும் மதுவகைகளை அரசு நிறுவனமே சில்லறையாக விற்று வருகின்றது. பனையை மாநில மரமாகக் கொண்டுள்ள ஒரு மாநிலத்தில், பனையேறி குற்றவாளி. ஆலை முதலாளி விநியோகஸ்தர். இதனை மதுவிலக்கு என்று எவரும் சொல்ல முடியாது.

நமது நாட்டிலோ 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் தொட்டுக் கள்ளை அரசு ஒரு வருமான வழியாகவே பார்த்து வந்தது. ஆயினும் இங்கு சில நல்ல அடித்தளங்கள் இடப்பட்டன என்பதை மறுக்கவியலாது. 1972இல் வடக்கில் சீவல் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. 1978இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. கைதடியில் ஆராய்ச்சி நிலையம் உண்டு; வடமராட்சியில் திக்கம் வடிசாலை உண்டு; 'கற்பகம்' என்ற பெயரில் விற்பனை நிலையங்கள் உண்டு. கியாந்தியின் 33 பேர் 1924இல் கூடியபோது அவர்களிடம் இவ்வளவும் இருந்திருக்கவில்லை. நம்மிடம் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றைத் தமதென்று கொண்டாடும் ஒரு சமூகம்தான் இல்லை.

பெயர்ப் பாதுகாப்பு ஐரோப்பியருக்கு மட்டுமே உரியதன்று. கோவாவின் முந்திரிப்பழ மதுவான பெனி 2009இல் இந்தியாவின் புவிசார் குறியீட்டைப் பெற்றது. ஊர்ச் சரக்கு என்று ஒதுக்கப்பட்ட அப்பானத்தை 2016இல் அம்மாநில அரசு மரபுரிமைப் பானமாக ஏற்றுக்கொண்டது. நமது நாட்டின் கறுவா 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பினைப் பெற்றது. கறுவாவுக்குச் செய்ய முடிந்ததைப் பனங்கட்டிக்கும் பனஞ்சாராயத்துக்கும் ஏன் செய்ய முடியாது? இக்கேள்வியை நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் எழுப்ப வேண்டும்.

திருவிழா ஒன்று வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வடக்கில் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் பனை வாரம் அனுஷ்டிக்கப்படுகின்றது, கண்காட்சியும் நடைபெறுகின்றது. அங்கே பெட்டிகளும் தொப்பிகளும் ஒடியல் மாவும் பினாட்டும் வைக்கப்படுகின்றன. அவை யாவும் வேண்டியவையே. மேடையில் அமைச்சர்களும் அதிகாரிகளும் அமர்கின்றனர். இத்தாலியச் சிற்றூர் விழாக்களிலோ தோட்டக்காரர் தாமே தமது மேசையின் பின்னால் நின்று, தமது கையால் ஊற்றி, இது எந்தச் சரிவில் விளைந்தது, இவ்வாண்டு மழை எப்படி என்று வந்தவருக்குச் சொல்வார். வருபவர் கழுத்தில் தொங்கும் சிறு பையில் ஒரு கிண்ணத்தைச் சுமந்துகொண்டு மேசை மேசையாகச் செல்வார். அங்கே ஊற்றுபவர்தான் விழா நாயகர். நமது பனை வாரத்தில் அந்த இடத்தில் சீவல் தொழிலாளி நிற்க வேண்டும் என்பதே எனது கருத்து.

சட்டத்தின் எல்லைகளை நான் மறக்கவில்லை. 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் மது விளம்பரத்தைத் தடைசெய்கின்றது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பதையும் தடைசெய்கின்றது. அது இருக்கட்டும். நீரூற்றில் கள் கொட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. விழாவின் நடுவே கருப்பநீர் இருக்கட்டும். குழந்தைகளும் பெண்களும் குடியாதவர்களும் அதனைச் சுவைக்கட்டும். பளையின் பனங்கட்டிக்கும் மன்னாரின் பனங்கட்டிக்கும் என்ன வேறுபாடு என்பதை வந்தவர்கள் நாவினால் அறியட்டும். கள்ளை விரும்புவோர் அனுமதி பெற்ற, துப்புரவான, குடும்பத்துடன் அமரக்கூடிய கூட்டுறவுத் தவறணையில் அதனைப் பருகட்டும். சீனி கரைத்த போலிக் கள்ளைக் கண்டறியும் பரிசோதனை அங்கு நாள்தோறும் நடக்கட்டும். போத்தலின் மேல் ஊரின் பெயரும் சங்கத்தின் பெயரும் எழுதப்படட்டும். விற்பனையில் ஒரு பங்கு, ஏறுபவரின் விபத்துக் காப்புறுதிக்கும் பாதுகாப்பான ஏறு கருவிக்கும் செல்லட்டும். இவற்றில் எதுவும் ஆகாயத்தைக் கிழிக்கும் காரியமன்று.

பெண்கள் என்று எழுதியவுடன் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். பெண்கள் மது வாங்குவதற்கு 1979 முதல் இருந்துவந்த தடையை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி அதனை மீளப்பெறுமாறு பணித்தார். பெண்ணின் கண்ணுக்கு மறைவாகவே மது இருக்க வேண்டும் என்ற எண்ணம், அதனை இருட்டுக்குள் தள்ளியதன்றி எந்தப் பெண்ணையும் காப்பாற்றியதாகத் தெரியவில்லை. இருட்டில் இருக்கும் எதனையும் எவரும் கேள்வி கேட்பதில்லை. குடித்துவிட்டு அடிப்பவனுக்கும் அந்த இருட்டே வசதி.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நமக்கு ஒரு வேண்டுகோள். இத்தாலிக்குச் செல்லுங்கள், மரீனோவையும் பாருங்கள். அதில் தவறேதுமில்லை. அங்கே வீட்டுவேலைகளில் உழைக்கும் நமது நாட்டவர்களையும் சந்தித்துப் பேசுங்கள். ஆனால் வெள்ளவத்தையில் இரவு பஸ்ஸில் ஏறினால் விடியும்போது யாழ்ப்பாணத்தில் இறங்கலாம் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். பாளை சீவும் பருவத்தில் ஒரு காலை, ஏதாவதொரு கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலில் நில்லுங்கள். கள் வேண்டாமெனில் கருப்பநீர் கேளுங்கள். அது எந்த மரத்தினது, எத்தனையாவது பாளையினது, எப்போது இறக்கியது என்று இறக்கியவரிடமே கேளுங்கள். இத்தாலியத் தோட்டக்காரரிடம் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்கும் கேள்விகளைத் தாய்மொழியிலேயே கேட்கலாம்.

அவரை 'நீர்' என்றோ 'நீ' என்றோ அழைக்காமல் 'நீங்கள்' என்று அழைத்துக் கேட்பது முக்கியம். பெயர்ப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் வரவேண்டியது. இந்த மரியாதைக்கு எந்தப் பாராளுமன்றமும் தேவையில்லை.